படம் போட்ட மொட்டைக் கடிதம்

“வந்தது, அனுப்பினேன்.”

இவ்விரண்டு சொற்களே இன்று எமது இளைஞர்களின் சாட்சியமாகவும் எதிர்வாதமாகவும் தீர்ப்பாகவும் விளங்குகின்றன. ஆக்கியவர் யார்? தெரியாது. எங்கிருந்து வந்தது? தெரியாது. உண்மைதானா? அதுவும் தெரியாது. பின்னர் ஏன் அனுப்பினாய்? சிரிப்பாக இருந்தது, அனுப்பினேன்!

நீதிமன்றங்களிலே எத்தனையோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து பழகிய நாம், இந்தச் சாட்சியின் முன்னே வாயடைத்து நின்றதுண்டு. மருதமுனையிலே எமதூர் இளைஞர்களுக்கும் அயலிலுள்ள தமிழூர் இளைஞர்களுக்கும் இடையே உதைபந்தாட்டப் போட்டியொன்று நடைபெற்றது. தமிழூர் அணியின் கோல் காப்பாளன் பதினேழு வயதுச் சிறுவன். கடற்றொழிலாளி ஒருவரின் மகன். கடைசி நிமிடத்தில் பந்து அவனுடைய கால்களுக்கிடையே உருண்டு வலைக்குள் சென்றது. விளையாட்டில் இது நடக்காத காரியமா? உலகக் கிண்ணத்தில் ஆடியவர்களுக்கே நடந்திருக்கிறது. ஆனால் மஃரிபுக்கு முன் முடிந்த ஆட்டம், இஷாவுக்கு முன் படமாகிவிட்டது. தலையிற் கைவைத்துத் தரையில் அமர்ந்திருந்த சிறுவனின் உருவம். பக்கத்தில் திரைப்பட நகைச்சுவை நடிகர் ஒருவரின் முகம். தகப்பனின் வலையிலும் ஓட்டை, மகனின் வலையிலும் ஓட்டை என்னும் கருத்தில் கீழே ஒரு வசனம். விடியுமுன் அது மட்டக்களப்பு முதல் பொத்துவில் வரை போய்விட்டது. மறுநாள் மாலை வீதியிற் கைகலப்பு. அதற்கடுத்த நாள் பொலிஸ் முறைப்பாடு.

இரண்டு ஊர்ப் பெரியவர்களும் சமாதானம் பேச எம்மை அழைத்தனர். படத்தை ஆக்கியவன் வந்து மன்னிப்புக் கேட்டால் விடயம் முடிந்தது என்று சிறுவனின் தகப்பனார் பெருந்தன்மையோடு கூறினார். ஆக்கியவனைத் தேடினோம். ஒருவன் இன்னொருவனைக் காட்டினான்; அவன் வேறொருவனைக் காட்டினான். இருபதுக்கும் மேற்பட்ட கைத்தொலைபேசிகள் மேசைமீது குவிந்தன. எல்லோரும் அனுப்பியிருந்தார்கள், ஒருவனும் ஆக்கவில்லை! மன்னிப்புக் கேட்க ஆளில்லாத குற்றத்தை அன்றுதான் கண்டோம். அந்தச் சிறுவன் அதன்பின் மைதானத்துக்கு வரவில்லை. தகப்பனோடு கடலுக்குப் போகிறான் என்று கேள்வி.

இத்தகைய படங்களுக்கு ‘மீம்’ என்று பெயர். ஒரு மனத்திலிருந்து இன்னொரு மனத்துக்குத் தாவிப் பெருகும் எண்ணத்துக்கு ரிச்சர்ட் டோக்கின்ஸ் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1976இல் இட்ட பெயர் அது. எமது மக்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஒன்று நெடுங்காலமாகத் தெரியும். மொட்டைக் கடிதம் என்பதே அப்பெயர். ஆக்கியவன் பெயரில்லை, ஊரில்லை, கையொப்பமில்லை. ஆனால் ஒருவரின் மானத்தைப் பறிக்கும் வலு மட்டும் உண்டு. கந்தோருக்கும் பாடசாலைக்கும் பள்ளிவாசல் நிருவாகத்துக்கும் மொட்டைக் கடிதம் போட்டவனை எமது ஊர்கள் என்றேனும் மதித்ததுண்டா? கோழை என்றே தூற்றின. அன்று அக்கடிதத்தைப் படித்தவர் ஒருவர் இருவர். இன்று அது படத்தோடு வருகிறது. பல்லாயிரம் பேர் சம்பளமில்லாத தபாற்காரர்களாக அதைச் சுமந்து செல்கின்றனர். கோழை என்று சொல்லவேண்டிய ஊரோ அவனை ‘இரசிகன்’ என்று கொண்டாடுகிறது!

பகிடிக்கு நாம் பகைவரல்லர்

பகிடி இல்லாத ஊர் பாழூர். வயலிலே வேலை செய்வோரும் தறியிலே இருப்போரும் ஒருவரையொருவர் பகிடி பண்ணாமல் ஒரு நாளைக் கழித்ததில்லை. ஆனால் அந்தப் பகிடிக்கு இரண்டு முகங்கள் இருந்தன. சொன்னவனும் அங்கே நின்றான். சொல்லப்பட்டவனும் அங்கே நின்றான். திருப்பிச் சொல்ல அவனுக்கு வாயிருந்தது. எல்லை மீறினால் அதட்டுவதற்குப் பக்கத்திலே ஒரு பெரியவர் இருந்தார்.

இணையத்தில் வரும் படங்களெல்லாம் நஞ்சு என்றும் நாம் கூறவில்லை. 2001ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ திரைப்படத்தில் வடிவேலு ஏற்ற நேசமணி என்னும் பாத்திரத்தின் தலையில் சுத்தியல் விழுகிறது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2019 மே மாத இறுதியில், அந்த நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யுமாறு தமிழுலகம் எழுப்பிய விளையாட்டுக் குரல் தமிழறியாதோர் காதுகளுக்கும் எட்டியது. அதனால் எவருடைய மனமும் புண்படவில்லை. அடிபட்டவர் கற்பனை மனிதர். அதே ஆண்டு ஜூன் 12ஆந் திகதி டோன்டனில் அவுஸ்திரேலியாவிடம் பாகிஸ்தான் தோற்ற ஆட்டத்தில், பிடி நழுவியதைக் கண்டு இடுப்பிற் கைவைத்து ஏமாற்றத்தோடு நின்ற பாகிஸ்தான் இரசிகர் ஒருவரின் உருவம் உலகத்தையே சிரிக்க வைத்தது. சிரித்தவர்களோடு அவரும் சேர்ந்து சிரித்தார். அங்கேயும் கெடுதி இல்லை.

ஆகவே சிரிப்பு குற்றமன்று. சிரிக்கப்படுபவனுக்குப் பதில் கூற இடமுண்டா என்பதே கேள்வி. முத்தையா முரளிதரனை எண்ணிப் பாருங்கள். 1995 டிசெம்பர் 26ஆந் திகதி மெல்போர்ன் மைதானத்தில், பல்லாயிரம் பார்வையாளர் முன்னிலையில், நடுவர் டரல் ஹேர் அவர் பந்தை எறிகிறார் என்று கூறித் திரும்பத் திரும்ப ‘நோ போல்’ கொடுத்தார். கொடிய அவமானந்தான். ஆனால் குற்றஞ்சாட்டியவருக்குப் பெயர் இருந்தது, முகம் இருந்தது, குற்றச்சாட்டு இன்னதென்று வரையறுக்கப்பட்டிருந்தது. எனவே முரளிதரன் பரிசோதனைச் சாலையில் தமது கையை நீட்டிக் காட்டினார். பந்தாலும் பதில் கூறினார். 2010 ஜூலை 22ஆந் திகதி காலியில் எண்ணூறாவது டெஸ்ட் விக்கெட்டைச் சாய்த்தார். கையொப்பமிட்ட பழிக்கு விடையுண்டு. கையொப்பமில்லாத படத்துக்கு எந்தப் பரிசோதனைச் சாலையில் விடை காண்பது?

2018 பெப்ரவரியும் மார்ச்சும்

இது சிறுபிள்ளை விளையாட்டு, பெரியவர்கள் இதைப் பெரிதாக்கலாமா என்று கேட்கும் கனவான்களை, எமது மாவட்டத் தலைநகருக்கே அழைத்துச் செல்கிறோம்.

2018 பெப்ரவரி 26ஆந் திகதி இரவு. அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவுக்கடை. கறியிற் கிடந்த மாக்கட்டியைக் காட்டி, இது மலட்டு மாத்திரைதானே என்று சிங்களத்தில் அதட்டினார்கள். காசாளருக்குச் சிங்களம் சரிவரத் தெரியாது. சூழ்ந்து நின்ற கூட்டத்துக்கு அஞ்சி ஏதோ தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு ஒளிப்படமாகிக் கைத்தொலைபேசிகளில் ஏறியது. கடை நொறுங்கியது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று மருத்துவர்கள் கூறினர். கறியிற் கிடந்தது மாவே என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளரும் அறிக்கை கொடுத்தார். அறிக்கை நடந்து வந்தது. படம் பறந்து போயிருந்தது. தாய்மொழியாகிய தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு மகனின் வாய்த் தடுமாற்றம், ஒரு சமூகத்தின் குற்ற ஒப்புதலாக நாடெங்கும் விற்கப்பட்டது.

ஒரு வாரத்தில் கண்டி மாவட்டம் எரிந்தது. திகனையிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. அதே 6ஆந் திகதி மாலை கொழும்பு பிரேமதாச மைதானத்தில் என்ன நடந்தது தெரியுமா? சுதந்திரத்தின் எழுபதாம் ஆண்டைக் கொண்டாடும் ‘நிதஹஸ்’ கிண்ணக் கிரிக்கெட் தொடங்கியது! நிதஹஸ் என்றால் சுதந்திரம். தலைநகரில் சுதந்திரக் கிண்ணம், மலைநாட்டில் ஊரடங்கு. 7ஆந் திகதி முகநூலும் வாட்ஸ்அப்பும் தடுக்கப்பட்டன; 15ஆந் திகதி முகநூற்றடை நீங்கியது.

அதற்கு மறுநாள், 16ஆந் திகதி, இலங்கையும் பங்களாதேஷும் மோதின. கடைசி ஓவரில் ‘நோ போல்’ தகராறு. ஷகிப் அல் ஹசன் தம் வீரர்களை வெளியே வருமாறு கையசைத்தார். பின்னர் ஆட்டம் தொடர்ந்து, ஒரு பந்து மீதமிருக்க மஹ்முதுல்லா ஆறு ஓட்டம் அடித்து வென்றார். பங்களாதேஷ் அணியினர் பாம்பு படமெடுப்பதுபோற் கைகளை வளைத்து ஆடினார்கள். வீரர்களின் ஓய்வறைக் கண்ணாடிக் கதவு நொறுங்கிக் கிடந்தது. தடை நீங்கிய முகநூலிலே அன்றிரவே நாகப்பாம்புகள் நெளியத் தொடங்கின. 18ஆந் திகதி இறுதியாட்டத்தில், தமிழகத்தின் தினேஷ் கார்த்திக் கடைசிப் பந்தில் ஆறு ஓட்டம் அடித்து இந்தியாவை வெல்ல வைத்தபோது, இலங்கை இரசிகர்கள் தாமே வென்றதுபோல் ஆர்ப்பரித்துப் பாம்பு நடனம் ஆடினார்கள்.

கண்டியை எரித்தது பாம்புப் படம் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது பொய். ஆனால் இரண்டையும் அனுப்பிய விரல் ஒன்று. இரண்டுக்கும் சொன்ன நியாயமும் ஒன்று. வந்தது, அனுப்பினேன்! ஓர் அணியின் தோல்வியைப் பார்த்து அந்நாட்டு மக்களையே பாம்பாகவும் குரங்காகவும் காணப் பழகிய கண், பக்கத்து வீட்டானை மனிதனாகக் காணுமா? அந்த மார்ச் மாதத்தில் எமது பையன்கள் சிங்கள நண்பர்களிடமிருந்து ஒரு கேள்வியைக் கேட்க நேர்ந்தது: “பங்களாதேஷ் வென்றதிலே உனக்கு மகிழ்ச்சிதானே?” கிரிக்கெட்டைப் பற்றிய கேள்வியா இது? பிறப்புச் சான்றிதழைக் காட்டு என்பதன் மறுவடிவம் அல்லவா இது?

எமக்கு மட்டும் நேர்ந்த துன்பமும் அன்று. 2021 ஒக்டோபர் 24ஆந் திகதி துபாயில் பாகிஸ்தானிடம் இந்தியா பத்து விக்கெட்டுகளால் தோற்றது. பதினொருவரும் சேர்ந்து தோற்றனர். வசவு முகம்மது ஷமியின் தலையில் மட்டும் விழுந்தது. மதத்தைக் காட்டி ஒருவரைத் தாக்குவது மிகக் கேவலம் என்னும் கருத்தில் அணித்தலைவர் விராட் கோலி பகிரங்கமாகப் பேச வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு செப்டெம்பர் 4ஆந் திகதி அர்ஷ்தீப் சிங் ஒரு பிடியை நழுவவிட்டார். உடனே அந்தச் சீக்கிய இளைஞர் பிரிவினைவாதி ஆக்கப்பட்டார். விழுந்தது பந்து, விசாரிக்கப்பட்டது பிறப்பு!

மைதானம் படப்பிடிப்புக் களமாயிற்று

இரசிகனைக் கெடுத்த நோய் வீரனையும் தொற்றிவிட்டது. 2018இல் ஆடிய பாம்பை, 2022 செப்டெம்பர் 1ஆந் திகதி துபாயில் பங்களாதேஷை வென்றதும் எமது சாமிக கருணாரத்ன திருப்பி ஆடினார். 2023 நவம்பர் 6ஆந் திகதி டெல்லியில், தலைக்கவசத்தின் வார் அறுந்து காலந் தாழ்ந்த அஞ்சலோ மத்தியூஸ், சர்வதேசக் கிரிக்கெட்டில் நேரங்கடந்ததற்காக ஆட்டமிழந்த முதல் வீரரானார். 2024 மார்ச்சில் சில்ஹெட்டில் தொடரை வென்ற எமது அணி, கிண்ணத்தோடு நின்று மணிக்கட்டைச் சுட்டிக்காட்டிப் படம் பிடித்துக்கொண்டது. ஒன்பது நாட்களில் ஒருநாள் தொடரை வென்ற பங்களாதேஷ் அணியில் முஷ்பிகுர் ரஹீம் தலைக்கவசத்தைக் காட்டிப் பதிலுக்கு நடித்தார். எத்தனை ஓட்டம், எந்தப் பந்து, யாருடைய உழைப்பு என்பதெல்லாம் மறைந்தன. படத்துக்குப் படம், பழிக்குப் பழி என்பதே எஞ்சியது. 2025 செப்டெம்பரில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் இந்திய வீரர்களும் பாகிஸ்தான் வீரர்களும் கைகுலுக்காமலே பிரிந்தனர்; ஒக்டோபர் 5ஆந் திகதி எமது கொழும்பிலே மகளிர் உலகக் கிண்ணத்திலும் அதுவே நடந்தது.

இதே கொழும்பில் 1996 பெப்ரவரி 13ஆந் திகதி என்ன நடந்தது என்பதை எமது பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுப்பார்? மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பின் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் உலகக் கிண்ண ஆட்டத்துக்காக இங்கு வர மறுத்தன. அவ்வேளை இந்திய வீரர்களும் பாகிஸ்தான் வீரர்களும் ஒரே அணியாகச் சேர்ந்து வந்து, இந்நாடு விளையாடத் தகுந்த நாடுதான் என்று உலகுக்குக் காட்டினர். அசாருதீனும் வசீம் அக்ரமும் டெண்டுல்கரும் ஓரணியில் நின்ற நாள் அது! அடுத்த மாதம் லாகூரிலே நாம் உலகக் கிண்ணத்தை வென்றோம். 2006இல் மும்பாயில் மேற்கிந்திய அணியின் ஆறு விக்கெட்டுகளைப் பதினான்கு ஓட்டங்களுக்குச் சாய்த்த பர்வீஸ் மஹரூப், எந்த நாட்டுக்காகப் பந்து வீசினார்? இவற்றைச் சொல்ல ஒரு பக்கம் எழுத வேண்டும். இழிவுபடுத்த ஒரு படம் போதும். இதுதான் இக்காலத்தின் அநியாயக் கணக்கு.

சட்டம் காப்பாற்றுமா?

அப்படியானால் சட்டம் கொண்டு அடக்குங்கள் என்பார் சிலர். சட்டம் படித்த நாமே சொல்கிறோம்: அந்த வழி எமக்கு வழியன்று.

2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தில் இன, மத வெறுப்பைத் தூண்டுவோரைத் தண்டிக்கும் பிரிவு உண்டு. நடந்தது என்ன? 2020 ஏப்ரலில் முகநூற் பதிவொன்றுக்காக முஸ்லிம் எழுத்தாளர் ஒருவர் கைதாகி ஐந்து மாதங்களுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார். அவருடைய உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துப் பத்து இலட்சம் ரூபாய் நட்டஈடு விதித்தபோது 2023 நவம்பர் ஆகிவிட்டது. 2019 மே 12ஆந் திகதி சிலாபத்தில், அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்னும் கருத்தில் முஸ்லிம் வியாபாரி ஒருவர் முகநூலில் எழுதிய ஒற்றை வரி மிரட்டலாகத் திரிக்கப்பட்டது. கடைகளும் பள்ளிவாசலும் கல்லடி பட்டன. முதலிற் கைதானவர் அந்த வரியை எழுதியவர்! பெயர் போட்டு எழுதியவன் பிடிபடுகிறான். பெயரில்லாமல் எரித்தவன் தப்புகிறான். 2024 ஜனவரி 24ஆந் திகதி 62 வாக்குகளுக்கு எதிராக 108 வாக்குகளால் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமும், எது பொய் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவின் கையிற் கொடுத்தது. பலமுள்ளவன் கையில் அகப்பட்ட சட்டம் எளியவன் முதுகிலேதான் முதலில் விழும் என்பது நாம் வழக்காடிக் கண்ட உண்மை.

நிறுவனங்கள் காப்பாற்றுமா? 2018 வன்செயலில் தன் மேடை பயன்பட்டதற்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதம் மன்னிப்புக் கோரியது. எரிந்த கடையைக் கட்டித் தந்ததா அந்த மன்னிப்பு? எத்தனை பேர் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதிலே வருமானம் காணும் வியாபாரிக்கு, அன்பும் பகையும் ஒரே சரக்குத்தான். பகை சற்று விரைவாக விலைபோகும், அவ்வளவே.

ஒரு நண்பர் எம்மை மடக்கினார்: “2022இல் ஆட்சியாளரை ஆட்டியவை பெயரில்லாப் படங்கள் அல்லவா? அன்று கைதட்டிய நீர் இன்று கையொப்பம் கேட்கலாமா?” நியாயமான கேள்வி. ஜூலை 9ஆந் திகதி காலியில் அவுஸ்திரேலியாவுடன் டெஸ்ட் ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில், கோட்டை மதில்மேல் நின்று மக்கள் முழங்கினார்கள். அந்நாட்களின் கேலிப் படங்களை நாமும் இரசித்தோம், மறுக்கவில்லை. ஆனால் சிறைக்கதவின் சாவியை வைத்திருப்பவன் முன்னே எளியவன் முகமூடி அணிந்தால் அது தற்காப்பு. பதினேழு வயதுக் கடற்றொழிலாளி மகன் முன்னே ஊர் முழுவதும் முகமூடி அணிந்தால் அது கோழைத்தனம். இரண்டையும் ஒன்றென்பவர் வாதம் செய்யவில்லை, நழுவுகிறார்.

அதே 2022இல், ஜூன் 24ஆந் திகதி, பிரேமதாச மைதானத்தை எமது மக்கள் மஞ்சளாக்கினார்கள். எரிபொருளில்லாத, மருந்தில்லாத காலத்திலும் எம்மை நம்பி வந்து ஆடிய அவுஸ்திரேலியருக்கு நன்றி சொல்ல, அவர்களுடைய நிறத்தை எமது உடலில் அணிந்தார்கள். தொடரை வென்றவர் நாம். வாழ்த்துப் பெற்றவர் விருந்தாளி. இரசிகன் என்றால் இவனல்லவா இரசிகன்!

நாம் கேட்பது

விவசாய நண்பர்களே, பெரும்போகத்துக்கு விதைநெல் வாங்கும்போது எந்த வயலில் விளைந்தது என்று கேளாமல் வாங்குவீர்களா? களைவிதை கலந்திருந்தால் கதிர் வரும்வரை தெரியாது. தெரிந்தபின் பிடுங்கி மாளாது. நெசவாள நண்பர்களே, எந்தத் தறியில் நெய்தது என்று தெரியாத சாரத்தை மருதமுனைச் சாரம் என்று விற்க ஒப்புவீர்களா? நெல்லுக்கும் துணிக்கும் கேட்கும் கேள்வியை, உங்கள் பிள்ளைகளின் கையிலுள்ள படத்துக்கும் கேளுங்கள். ஆக்கியவர் யார்?

விளையாட்டுக் கழகங்களுக்குக் கூறுகிறோம்: உங்கள் வாட்ஸ்அப் குழுக்களிலே கேலிப் படம் தாராளமாக வரட்டும், ஆக்கியவன் பெயரோடு வரட்டும். ஆட்டத்தைக் கேலி செய்யுங்கள். ஆடியவனின் மதத்தை, மொழியை, தகப்பன் தொழிலை, தாயின் வறுமையைத் தொடாதீர்கள். அனுப்பியவன் ஆக்கியவனைப் போலவே பொறுப்பாளி. பிறர் சொன்ன அவதூறைத் திருப்பிச் சொன்னவனும் அவதூறு செய்தவனே என்பது சட்டத்தின் பழைய விதி.

ஆசிரியர்களுக்கும் வைத்தியர்களுக்கும் எமது சட்டத்தரணிச் சகோதரர்களுக்கும் கூறுகிறோம்: பகலில் கண்ணியமும் இரவிலே கைத்தொலைபேசியில் கயமையும் ஒருவருக்கு ஒவ்வாது. பிள்ளைகள் அதை உங்களிடமிருந்தே கற்கின்றனர்.

கல்முனையின் கட்சிக்காரர்களுக்கு ஒரு சொல். பிரதேச செயலகத்தைப் பற்றித் தமிழரும் முஸ்லிம்களும் வாதாட நேர்ந்தால் எல்லைப்படத்தோடும் ஆவணத்தோடும் வாதாடுவோம், நாமும் வருகிறோம். ஆனால் பந்தாட்டத்தில் ஊறிய பகையைத் தேர்தலுக்கென்று சேமித்து வைக்கும் இழிதொழிலை விடுங்கள். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி இக்கரையின் தமிழூரையும் முஸ்லிமூரையும் விழுங்கிய கடல், எந்த அணியின் இரசிகர் என்று எவரையும் கேட்கவில்லை.

முடிவாக, மேசைமீது கைத்தொலைபேசிகளைக் குவித்துவிட்டுத் தலைகுனிந்து நின்ற எமதூர்ப் பிள்ளைகளுக்கு. அந்தப் படத்தை ஆக்கியவனை நாம் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. இனிக் கண்டுபிடிக்கப் போவதுமில்லை. ஆனால் அனுப்பியவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும். அடுத்த ஊருக்குப் பத்து நிமிட நடை. நீங்கள் எல்லோரும் சேர்ந்து அந்தச் சிறுவனின் வாசலுக்குப் போங்கள். “வந்தது, அனுப்பினோம்” என்று அங்கே சொல்லாதீர்கள். “நாங்கள்தான் அனுப்பினோம், எங்கள் பெயர்கள் இவை, மீண்டும் ஆட வா” என்று சொல்லுங்கள். அந்த வாக்கியத்தின் கீழே கையொப்பமிட நாமும் உங்களோடு வருகிறோம்.